பொதுவாகக் கேட்ட வரம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருக் கத்தோலிக்கர்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். அன்பு எவ்வளவு என்பதைக் கேக் துண்டின் பருமனைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முடிவில் ஒரு மன்றாட்டு தவறாது வரும்: எங்கள் குடும்பங்களிலிருந்து குருக்களும் கன்னியரும் தோன்ற வேண்டும். உரக்கச் சொல்வது அம்மா. அவளைவிட உரக்க, பெரியம்மா. நான் சிறுமியாக முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய ஆண்டிலிருந்து ஒரு மாதமும் அது விட்டுப்போனதில்லை.

கன்னியாஸ்திரியாகும்படி கடவுள் கூப்பிடும் தேவ அழைத்தல் பற்றிய புத்தகங்களில் எல்லாப் பெண்களுக்கும் ஒளி தெரிகிறது. எனக்கு நாற்றம்தான் அடித்தது. தவக்காலத்தின் இரண்டாம் வாரம், ஆபீசில் சேவை நாள் என்று சொல்லி, சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு எங்களை அழைத்துப்போனார்கள். ஒரே நிற டி-ஷர்ட், பழத்தட்டு, போட்டோ. படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாள் விரிப்பை நனைத்ததும் டி-ஷர்ட்டுகளெல்லாம் வராந்தாவுக்கு நகர்ந்தன. "அந்தப் பக்கம் தூக்கும்மா" என்றார் ஒரு சிஸ்டர். தூக்கினேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கடுத்ததும். வேறெங்கும் இருப்புக்கொள்ளவில்லை.

"இதுக்குப் பேருதான் அழைத்தலா சிஸ்டர்?"

"தெரியல. பெட்பேன எங்க வெச்ச?"

பாஸ்கா திருநாளுக்கு மறுநாள், நானும் சிஸ்டராகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"எவன் ஏமாத்துனான் கண்ணு?" என்றார் பெரியம்மா.

"மாசாமாசம் நீங்கதானே பெரியம்மா கேட்டீங்க?"

"பொதுவா கேட்டோம்டி. நம்ம வூட்லயே குடுன்னா கேட்டோம்? அதுக்குன்னு இருக்கறவங்க இருக்காங்க."

அதாவது, நாலைந்து பெண்களைப் பெற்று, சீர் செய்ய வழியில்லாத வீடுகள். கடவுளுக்கு மிச்சம்மீதிதான் என்பது எங்கள் தெருவின் வேதம். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் சம்மதிக்காமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சிஸ்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

மே மாத அன்பியம் எங்கள் வீட்டில். அம்மா மழைக்கு மன்றாடினாள், நோயாளிகளுக்கு மன்றாடினாள், பக்கத்து வீட்டுப் பையனின் கனடா விசாவுக்கும் மன்றாடினாள். கன்னியருக்கான மன்றாட்டைத் தாண்டி நேராக முடிவு ஜெபத்துக்குப் போனாள். நான் குறுக்கிட்டு, விட்டுப்போன மன்றாட்டைச் சொன்னேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பெரியம்மாவுக்கு இருமல் வந்தது.

"கேட்டருளும்" என்றாள் அம்மா, பாத்திரத்தைத் தரையில் போடுவதுபோல.

பெந்தெகோஸ்தே திருநாளுக்கு மறுநாள், அம்மாவே ஆட்டோ பிடித்து என்னைச் சிஸ்டர்களின் மடத்தில் கொண்டுவந்து விட்டாள். அன்பியத்தில் அந்த மன்றாட்டு இன்றும் உண்டாம். இப்போதெல்லாம் மெதுவாகச் சொல்கிறார்களாம்.