சலூன்காரர் வீட்டுத் தலை

அந்தச் சலூன்காரரின் கையில் தலையைக் கொடுத்தவர்கள் தூங்கிப்போவார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்கூட, அவர் இடது கையால் மண்டையைத் தாங்கி லேசாகச் சாய்த்ததும் கண் சொக்கிப்போவார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். வெட்டுவதற்குத் தலையில் என்ன இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். "வீட்டுல தூக்கமே வர மாட்டேங்குதுப்பா, உன் கை பட்டா வருது" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, நாற்காலியில் ஏறிக் குறட்டை விடுவார்.

வேலை முடிந்ததும் சலூன்காரர் பிரஷ்ஷால் பின்கழுத்தைத் தட்டுவார். பிறகு குனிந்து 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதுவார். ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு முடியெல்லாம் பறந்துவிடும். தூங்குகிறவர் அதில்தான் விழித்துக்கொள்வார். துணியை உதறி, "ஆச்சு" என்பார். தொழில் பழகிய நாளிலிருந்து ஒரு தலைக்கும் அந்த ஊதல் தவறியதில்லை.

இப்படி ஊரையே தூங்கவைத்த மனுஷனுக்கு வீட்டுத் தலை ஒன்றுதான் அடங்கவில்லை.

மகன் குழந்தையாக இருந்தபோதே கத்தரியைக் கண்டால் வீல் என்று அலறுவான். எல்லாப் பிள்ளைகளும்தான் அலறும், அதற்கு அவரிடம் ஆயிரம் வித்தை இருந்தது. பொம்மை காட்டுவார், காக்கா காட்டுவார், கண்ணாடியில் கோணல் முகம் காட்டுவார். இவனிடம் ஒன்றும் பலிக்கவில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வளர வளர அவனுக்குப் பலம்தான் கூடியது. மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் ஒரு யுத்தம் நடக்கும். மனைவி கால்களைப் பிடித்துக்கொள்ள, அவர் பையனின் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெஷினை ஓட்டுவார். "வலிக்குதுப்பா, வலிக்குதுப்பா" என்று அவன் கதறுவது தெருமுனைவரை கேட்கும். முடிந்ததும் பழக்கம் விடாமல் பின்கழுத்தில் ஊதுவார். பையன் அதோடு வாந்தி எடுப்பான்.

"நடிப்பு! கத்தரி இன்னும் படவேயில்ல, அதுக்குள்ள வலிக்குதாம். சலூன்காரன் பிள்ளை பரட்டைத் தலையோட திரிஞ்சா கடைக்கு எவன் வருவான்?" என்பார். கோபம் தலைக்கேறினால் முதுகில் ஒன்று வைப்பதும் உண்டு.

பையன் தோளுக்கு வளர்ந்த பிறகு அவனை அமுக்கிப் பிடிக்க அவருக்குத் தெம்பு போதவில்லை. விட்டுவிட்டார். முடி காட்டுத்தனமாக வளர்ந்தது. "என்ன மாஸ்டர், ஊருக்கெல்லாம் வெட்டுறீங்க, வீட்டுல கரடி வளர்க்கிறீங்களா?" என்று கடையில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பையன் சாப்பாட்டுத் தூக்கை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போதுகூடச் சிரிப்பார். இந்த இடத்தில் அவரை நாலு திட்டுத் திட்டத்தான் வேண்டும். ஆனால் பின்னால் அவர் தன்னையே திட்டிக்கொண்டதற்கு முன்னால் நம் திட்டெல்லாம் ஒன்றுமே இல்லை.

பையன் கணக்கில் புலி. அதனால் மற்றதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வதும், கேட்டால் பதில் சொல்லாமல் சுவரைப் பார்ப்பதும் திமிர் என்றே பேர் வாங்கின. ஒன்பதாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர்தான் விடாப்பிடியாக டாக்டரிடம் அனுப்பினார். பலமுறை அலைந்த பிறகு டாக்டரம்மா பெற்றவர்கள் இருவரையும் உட்கார வைத்து, ஆட்டிசம் என்றார். பிறந்ததிலிருந்தே அவன் இப்படித்தான், இது நோயில்லை, குணமாக்க மருந்து தேடி அலைய வேண்டாம் என்றும் சொன்னார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் வேறொன்று கேட்டார்.

"முடி வெட்டும்போது கத்துவானே டாக்டரம்மா, அது..."

"அவனுக்கு நிஜமாவே வலிச்சிருக்கும். மெஷின் சத்தம், கழுத்துல விழுற முடி, திடீர்னு படுற கை... நமக்கு ஒண்ணுமே இல்லாதது அவனுக்குத் தாங்காது. எதைச் செஞ்சாலும் முதல்ல சொல்லிட்டுச் செய்யுங்க. பாதி பயம் போயிடும்."

மறுநாள் கடையில் டிரைவர் வழக்கம்போலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலையைத் தாங்கியபடி சலூன்காரர் அப்படியே நின்றார். வலிக்குது என்று பிள்ளை ஒவ்வொரு மாதமும் சொல்லியிருக்கிறான். ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை, வாய்விட்டு, தெருவே கேட்கச் சொல்லியிருக்கிறான். அதை நம்புவதற்கு ஒரு டாக்டர் தேவைப்பட்டிருக்கிறார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மகன் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, இனிமே உன்கிட்ட சொல்லாம உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அவன் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி" என்றான். சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. அவர் கொடுத்த அந்த வாக்கை அவன் எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டான் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த சில மாதங்கள் வீடு அமைதியாக இருந்தது. பிறகு ஒருநாள் அவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. இப்படியே நின்றுவிடுவானோ என்று மனைவி பயந்தாள். கடைக்கு வார விடுமுறை நாளன்று அவனே அப்பா எதிரில் வந்து நின்றான்.

"பின்னாடி பெஞ்ச் பசங்க முடியைப் பிடிச்சு இழுக்கிறாங்க. முடி இல்லேன்னா இழுக்க முடியாது. வெட்டினா நாளைக்கு ஸ்கூல் போவேன். மெஷின் வேணாம். தண்ணி தெளிக்கக் கூடாது. பவுடர் வேணாம். கடையில வேற யாரும் இருக்கக் கூடாது. என்ன செய்யப்போறீங்கன்னு மட்டும் சொல்லணும். வேற எதுவும் பேசக் கூடாது."

சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தலையை இடுக்காமல், அமுக்காமல், அதுவே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருநாள் வெட்ட வேண்டும் என்று எத்தனை ஏங்கியிருப்பார்! ஓடிப்போய்க் கடையைத் திறந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் உறுத்துமோ என்று அதையும் கழற்றி வெளியே வைத்தார்.

"துணி போர்த்துறேன்."

"ம்."

"இடது கை உன் தலையில படும்."

"ம்."

"கத்தரி, வலது காதுக்கு மேல."

மகன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் தோள் சிலிர்த்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. சொல்லுவார், காத்திருப்பார், 'ம்' வந்ததும் வெட்டுவார். வலது பக்கம் முடிந்தது. பாதிப் பின்னந்தலையும் முடிந்தது. கண்ணாடியில் பார்த்தார். பையனின் பிடி தளர்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. டிரைவர் தூங்குகிற நாற்காலியில், டிரைவர் சாய்கிற மாதிரியே, அவர் பிள்ளையின் தலை அவர் கையில் சாய்ந்திருந்தது. அந்தக் கனத்தை அவருடைய கை அதற்கு முன் அறிந்ததில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. துன்பத்தில் இருக்கும்வரை மனுஷன் கவனமாக இருந்தார். மனம் நிறைந்ததும் உடம்பு தன் பாட்டுக்குத் தொழிலைப் பார்த்தது. குனிந்தார். பாதி வேலையிலேயே, ஒட்டியிருந்த துணுக்கு முடியைப் பார்த்துப் பின்கழுத்தில் ஊதினார்.

பையன் நாற்காலியிலிருந்து துள்ளி விழுந்தான். சுவரோரம் போய் ஒடுங்கி இரண்டு கையாலும் பின்கழுத்தை மூடிக்கொண்டான். மூச்சு இரைத்தது.

"நீங்க சொல்லலை."

"கை படலையேப்பா, வெறும் காத்துதானே..." என்றார் அவர். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் சொன்னது இதைத்தானே, கத்தரி இன்னும் படவேயில்லையே என்று!

"சொல்லிட்டுச் செய்வேன்னு சொன்னீங்க. நீங்க சொல்லலை."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஷட்டருக்கு அடியில் குனிந்து, போர்த்திய துணியோடு, பாதித் தலை ஒட்ட வெட்டியும் பாதித் தலை காடுமாக வீட்டுக்கு நடந்தான். சலூன்காரர் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

சாயங்காலம் குளியலறைக்குள்ளிருந்து கத்தரிச் சத்தம் கேட்டது. தையல் பெட்டியில் கிடந்த மொண்ணைக் கத்தரி. மனைவி கதவைத் தட்டப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் இருவரும் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

காலையில் அவன் புத்தகப் பையோடு வெளியே வந்தான். இடது பக்கம் படிக்கட்டு படிக்கட்டாக இருந்தது, பின்னால் ஓரிடத்தில் தோலே தெரிந்தது. சலூன்காரருக்குக் கை பரபரத்தது. ஒரு நிமிஷ வேலை. தள்ளி நின்றே கேட்டார்.

"பின்னாடி கொஞ்சம் சரி பண்ணட்டுமாப்பா?"

"வேணாம்."

"சரி" என்றார். அவன் வேண்டாம் என்று சொல்லி அவர் சரி என்றது அதுதான் முதல் தடவை. அவன் சொன்ன சொல் தவறாமல் பள்ளிக்கூடம் போனான்.

பள்ளிக்கூடம் விட்டு வரவும் கடைக்கு முன்னால்தான் வழி. பையன் இந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து போனதை நாற்காலியில் இருந்த டிரைவர் பார்த்துவிட்டார். "என்னப்பா, உன் பையன் தலையில எலி பூந்துடுச்சா?" பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

சலூன்காரர் சிரிக்கவில்லை. "அவனே வெட்டிக்கிட்டான்ண்ணே."

"ஏன், அப்பன் கைக்கு என்னாச்சு?"

சலூன்காரர் டிரைவரின் தலையைத் தாங்கி லேசாகச் சாய்த்தார். டிரைவர் தூங்கிப்போனார். வேலை முடிந்தது. பிரஷ்ஷால் தட்டினார், குனிந்தார், உதட்டைக் குவித்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே... ஊதட்டுங்களா?"

குறட்டைதான் வந்தது. மறுபடியும் கேட்டார். டிரைவர் திடுக்கிட்டு விழித்தார். "என்னப்பா?"

"பின்கழுத்துல ஊதட்டுமான்னு கேட்டேன்."

"இதையெல்லாமா கேப்பாங்க? ஊதுப்பா!" என்று சிரித்த டிரைவர், கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஊதச் சொல்லியாகிவிட்டது. சலூன்காரருக்குத்தான் மூச்சு வரவில்லை.