சுவிட்சைப் போட்டவள்

மூலக்குளம் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி கம்பெனியில் அன்று மெஷின் சுவிட்சைப் போட்டது நான்தான். என்னோடு வேலை செய்த அக்கா உள்ளே கைவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அக்கா நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்து, என்னைச் சாட்சியாகக் காட்டியதும் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ இன்னாத்துக்கு சாட்சி சொல்லப் போற? சுவிட்ச் போட்டது நீதானே? போலீஸ் கேஸ் உன்மேலதான் வரும்."

அதற்குப்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று எட்டிப் பார்ப்பேன். ஆனாலும் விசாரணைக்குப் போனேன். தொழிலாளர் அலுவலகத்தில் அக்கா கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், "நான்தான் சார் போட்டேன்" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "கூட வேலை செய்யறவங்க தப்புன்னாலும் கம்பெனிதான் குடுக்கணும்மா. இவங்களுக்கு வேலை செய்யறப்பதானே அடிபட்டுது?"

"ஆமா சார்."

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது காகிதம் நகர்ந்தது. அக்கா அதை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போடுடி" என்றார்.

அவருக்கு நஷ்டஈடு வந்து சேரும்வரை எனக்கு அந்தப் போலீஸ் பயம் போகவில்லை.