இரண்டாவது சீடும் ஒரு லட்டும்

சித்தூரில் டிகிரி கடைசி வருஷம் படித்தபோது எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் டீமுக்கு நான்தான் கேப்டன். பெருமைப்பட ஒன்றுமில்லை. முந்தின வருஷம் ஃபைனல் வரை போன ஆறடி ஆட்கள் ஐந்து பேரும் படிப்பை முடித்துக்கொண்டு பெங்களூர், துபாய் என்று பறந்துவிட்டார்கள். அந்த நாளில் யாரைப் பார்த்தாலும் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது அவர்களுடைய பனியன்களும், அவற்றுக்குள் தொலைந்துபோன நாங்களும்தான்.

திருப்பதியில் டோர்னமெண்ட். போய்ப் பார்த்தால் எங்களுக்கு இரண்டாவது சீடு! சீடு என்பது போன வருஷத்து ஆட்டத்தை வைத்துக் கொடுக்கும் வரிசை எண். ஆடியவர்கள் ஊரிலேயே இல்லையே என்று அது கேட்காது. சீடு கிடைத்தால் முதல் சுற்று ஆட வேண்டாம். ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தால் செமி ஃபைனல். அந்த சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரேணிகுண்டா பக்கம் வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் பெங்களூரில் சித்தப்பாவின் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான் என்று நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். அங்கே குளிர் என்று நான் சாக்குச் சொன்னேன். உண்மையில் ஊரை விட்டுப் போக எனக்கு பயம்.

தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எங்கள் பி.டி. சார் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார்.

"லேவொத்துரா! யாரும் எழுந்துக்காதீங்க. நின்னா உயரம் தெரிஞ்சிடும்."

முதல் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தோம். இட்லி வந்தது, சாப்பாடு வந்தது, உட்கார்ந்த இடத்திலேயே தின்றோம். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"செகண்ட் சீடுடா. பிராக்டீஸ்கூட பண்ணாம குந்திக்கினு கீறானுங்க பாரு, எவ்ளோ திமிரு!"

எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

எங்களோடு மோத வேண்டியது குப்பம் பக்கத்து டீம். சீடு இல்லாததால் முதல் சுற்றில் நாக்குத் தள்ள ஓடி ஜெயித்தவர்கள், ஜெயித்த கையோடு மலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் மேட்ச் நேரத்துக்கு ஆளைக் காணோம். தரிசன க்யூவில் மாட்டிக்கொண்டார்களாம். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாக்கோவர் என்றார். பி.டி. சார் கோவிந்தா போட்டார். ஆடாமலே செமி ஃபைனல்!

அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு மொட்டைத் தலைகள் ஓடி வந்தன, எல்லாவற்றிலும் சந்தனம். எதிர் கேப்டன் ஒத்துக்கொண்டால் ஆடலாம் என்று ரெஃப்ரி கைகழுவிவிட்டார். அவர்களுடைய கேப்டன் நேராக என் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணா, எப்படியும் ஜெயிக்கப்போறது நீங்கதான். செகண்ட் சீடோட ஒரு ஆட்டம் ஆடினோம்னு ஊர்ல சொல்லிக்கினு இருப்போம்ணா."

சார் பின்னாலிருந்து என் பனியனைப் பிடித்து இழுத்தார். ஆனால் இப்படிக் கெஞ்சுகிறவனை விரட்டுவது ஒரு இரண்டாவது சீடுக்கு அழகா?

"ஆடலாம் வாங்க" என்று எழுந்து நின்றேன். அவன் அண்ணாந்து பார்க்கத் தயாராக இருந்தான். தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. பந்து எங்கள் தலைக்கு மேலேயே போய் வந்துகொண்டிருந்தது. சார் பாதியிலேயே டீ குடிக்கப் போய்விட்டார்.

முடிந்ததும் அந்த கேப்டன் ஒரு லட்டோடு வந்தான், முகத்தில் பெரிய சங்கடம்.

"உங்களுக்குன்னே எடுத்துக்கினு வந்தோம்ணா."

"எதுக்கு?"

"உங்ககிட்ட ரொம்ப கேவலமா தோக்கக்கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கினோம். மொட்டைகூட அதுக்குத்தான்."

அவர்கள் கேட்டதே அவ்வளவுதான். அள்ளிக் கொடுத்த சாமி மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

வீட்டுக்குப் போனதும் நைனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். லட்டை நீட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாதியைத் தின்றார்.

"சாமி கண்ணைத் தொறந்துட்டாருடா!"

"ஆமா நைனா, குப்பத்துக்காரங்களுக்கு" என்றேன்.

மிச்சப் பாதியை பெங்களூர் பஸ்ஸில் தின்றேன்.