உப்பு ராவுத்தர் திரும்பாத மலை

மனைவி போனபிறகு நான் தனியாகச் செய்த முதல் பயணம் இது. போன மார்கழியில் கிளம்பினேன். சேலத்தில் எங்கள் குடும்பத்தை ‘உப்பு ராவுத்தர் வீடு’ என்பார்கள். அந்தப் பெயருக்கு இப்போது மிச்சம் நான் ஒருவன்தான், பிள்ளைகள் இல்லை. பெயர் எங்கிருந்து வந்தது என்றாவது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். உப்பளம் வைத்திருந்த வம்சம் என்று பெருமையடித்துக்கொள்வேன். “சேலத்துல ஏதுங்க கடலு?” என்று மனைவி சிரிப்பாள்.

வீட்டில் சொல்லிவந்தது கொஞ்சம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் என் தாத்தாவின் தாத்தா ஏற்காட்டு மலைக்குப் போனார், திரும்பவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு மேலே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று உறவில் ஒரு பேச்சும் உண்டு. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்தல்.

காலை ஏழு மணிக்கு சேலத்தில் பஸ் ஏறினேன். ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பழக்கதோஷத்தில் ஜன்னலோர இடத்தை அவளுக்காக விட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடிவாரத்தில் ஏறியவர் அதில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

ஏற்காட்டு கபர்ஸ்தானில் பனியில் அவர் கல்லறையைத் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. கடைவீதி மளிகைக்கடை பாய்தான், “வெள்ளக்கடைப் பக்கம் மலைக்காரங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. அந்தக் காலத்துல உப்பு வாங்குனவங்க அவங்கதானுங்க” என்றார். ஆட்டோவுக்குப் போகவர, காத்திருப்பும் சேர்த்து, அறுநூறு ரூபாய்.

வெள்ளக்கடை தாண்டி ஒரு வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் உப்பு விற்ற ராவுத்தரைப் பற்றி விசாரித்தேன். பெயர் வள்ளி, நாற்பது வயதிருக்கும்.

“ராவுத்தர் கல்லுங்களா? எங்க காட்டுலதானுங்க இருக்குது” என்று கூட்டிப்போனார். முழங்கால் உயரப் பாறை. பக்கத்தில் சின்ன மண்மேடு.

“கழுதை மேல உப்பு ஏத்தியாருவாராமுங்க. உப்பைக் கையில குடுக்கக் கூடாதில்லீங்களா, இந்தக் கல்லு மேல கொட்டிட்டுத் தள்ளி நிப்பாராம். எங்காளுங்க எடுத்துக்கிட்டு பதிலுக்குச் சாமை வெப்பாங்களாம். ஒருக்கா காய்ச்சல் கண்டு எங்க ஊட்டுல படுத்தவரு எந்திரிக்கவே இல்லீங்க. இங்கயே பொதைச்சுட்டாங்க.”

“வீட்டுக்குச் சொல்லி அனுப்பலீங்களா?”

“எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தானுங்க? கழுதையை அவுத்து விட்டாங்களாம். அது தானா ஊடு போய்ச் சேரும், பாத்துட்டு ஆளுங்க தேடி வருவாங்கன்னு.”

கழுதை வந்ததாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வேறு குடும்பமும் இல்லை, ஒன்றும் இல்லை. மனிதர் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். இத்தனை வருடமும் அவரைத் திட்டியிருக்கிறோம். வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

புதுச் சாமை உலை வைக்கும் நாளில் முதல் உப்பு இந்தக் கல்லுக்குத்தான் என்றார் வள்ளி. ஓர் இலையில் உப்பு கொண்டுவந்து என் முன்னே தரையில் வைத்தார். எடுத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு அவருக்காக ஃபாத்திஹா ஓதினேன்.

போகிறவர்களுக்கு: கம்பளி அவசியம். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. அது அவர்கள் காடு, கேட்டுவிட்டு நுழையுங்கள். கல்லுப்பு ஒரு பொட்டலம் கொண்டுபோங்கள். கையில் கொடுக்காமல் கீழே வையுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை ஏற்காட்டிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. கிளம்பும்போது வள்ளி, “அடுத்த வாட்டி ஊட்ல எல்லாத்தையும் கூட்டியாங்க” என்றார். யாரும் இல்லை, என்னோடு இந்தப் பேர் முடிந்தது என்றேன்.

“அதெப்படிங்க முடியும்? நாங்க வருசா வருசம் ராவுத்தர் கல்லுக்கு உப்பு வெச்சு சாமை பொங்கறமில்லீங்க” என்றார்.