பக்கத்துச் சதையை நம்பாதே

நான் வேலைக்குச் சேர்ந்த மரபணுப் பரிசோதனை லேப், தாம்பரத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இயந்திரத்துக்கு ஏசி உண்டு, எங்களுக்கு இல்லை. வேர்த்தால் இயந்திர அறைக்குள் போய் எதையோ சரிபார்ப்பதுபோல் நிற்போம். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது அது. அடுத்துக் கற்க வேண்டியதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. கேஸ்

தனம் அக்கா கோவளம் பக்கம் மீன் விற்பவர். உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் புற்றுநோய். பயாப்ஸிக்கு வெட்டியெடுத்த சதை, மெழுகில் பதித்த பிளாக்காக வந்தது. அதில் சிடிஎச்1 என்ற மரபணுவில் மியூடேஷன், அதாவது பிழை. செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் புரதத்தைச் செய்வது அந்த மரபணு. அது கெட்டால், கூடுவாஞ்சேரியில் ரயில் நின்றதும் கூட்டம் இறங்குவதுபோல் செல்கள் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடும்.

கேள்வி ஒன்றுதான். கெட்டது கட்டியில் மட்டுமா, பிறவியிலேயே உடம்பு முழுக்கவா? பிறவி என்றால் பிள்ளைகளுக்கும் போயிருக்கலாம். போயிருந்தால் நோய் வரும் முன்பே அவர்கள் வயிற்றை, அதாவது இரைப்பையை, எடுத்துவிடச் சொல்வார்கள்.

2. சிக்கனம்

அதை அறிய நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். எங்கள் வழக்கம் வேறு. ரத்தத்துக்கு அலையாமல், அதே பிளாக்கில் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல சதையைச் சுரண்டி, 'நார்மல்' என்று எழுதிவிடுவோம். தனம் அக்காவின் 'நார்மலிலும்' மியூடேஷன் வந்தது. சாப்ட்வேர் 'பிறவி' என்றது. மேலாளர் டிராஃப்டை மருத்துவருக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் தனம் அக்காவின் மகள் ரேவதி என் மேஜை முன் நின்றாள். பெருங்களத்தூரில் அக்கவுன்ட்ஸ் வேலை பார்க்கிறவள்.

"மேடம், வயித்த எடுத்துட்டா சோறு எங்க போவும்?"

"யாரு எடுக்கச் சொன்னது?"

"டாக்டர் ஃபைனல் ரிப்போர்ட் வரட்டும்னாரு. நான் நெட்ல பாத்துட்டேன். ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல."

மூல டேட்டாவைத் திறந்தேன். பிறவி என்றால் இயந்திரம் படித்த டிஎன்ஏ துண்டுகளில் ஏறக்குறைய பாதியில் மியூடேஷன் இருக்க வேண்டும். இங்கே பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. நாங்கள் சுரண்டிய 'நல்ல' சதைக்குள் கட்டியின் செல்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தன. ஓரிடத்தில் ஒட்டி இருக்காதவை பக்கத்து வீட்டுக்குப் போகாமல் வேறெங்கே போகும்?

மேலாளரிடம் போனேன்.

"சாப்ட்வேர் பாஸ் பண்ணிடுச்சும்மா. சைன் பண்ணு. அந்தம்மாவோட பசங்க மூணு பேரையும் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லிடலாம்."

"சார், சாப்ட்வேருக்கு வயிறு கிடையாது."

"என்ன, நக்கலா?"

"முதல்ல அம்மாவோட ரத்தத்தப் பாத்துடலாம் சார். அதுவரைக்கும் நான் சைன் பண்ணல."

"அப்ப நீயே போய் வாங்கிட்டு வா. வண்டியெல்லாம் கேக்காத."

3. ரத்தம்

லேபில் ரத்தம் எடுக்கும் மணி அண்ணாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கோவளம் போனேன். தனம் அக்கா கையை நீட்டினார்.

"இன்னாம்மா, அன்னிக்கு சதைய வெட்டிக்கினு போனீங்க, இன்னிக்கு ரத்தமா? கொழம்பு வெக்கப் போறீங்களா?"

"அன்னிக்கு நாங்க எடுத்துப் பாத்தது சரியில்லக்கா."

மணி அண்ணா என்னை முறைத்தார். லேபின் தப்பை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

4. பதில்

ரத்தத்தில் மியூடேஷன் இல்லை. 'ரத்தம் இல்லாமல் பிறவி என்று எழுதக் கூடாது' என்று மேலாளர் சுவரில் ஒட்டி, கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்டார். போட்டுக்கொள்ளட்டும். இதைப் படிக்கிறவர்கள் பெயரை விட்டுவிட்டு விதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைனல் ரிப்போர்ட் மருத்துவருக்குப் போனதும் ரேவதியை அழைத்தேன். தனம் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எனக்கு இல்லன்றியா?"

"உங்களுக்கு இருக்குக்கா. அந்தக் கட்டியில மட்டும். பொறப்புல வந்தது இல்ல. பிள்ளைங்களுக்குப் போகாது."

"என்னோட நின்னுடும்."

"ஆமாக்கா."

அவர் குரல் போனை விட்டு விலகிக் கேட்டது.

"ஏய் ரேவதி, எழுந்து சோறு போட்டுக்கினு துன்னுடி."