"டாக்டர், ஸ்லிம்னு மாத்திக் குடுங்க"

மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் புடவை. உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். உள்ளே ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பாவாடை. மே மாச ஆவடி வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை... என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"ரெண்டு கட்னாதான் கொஞ்சம் சதையா தெரியும். பேசாம நில்லு" என்றாள் அம்மா.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, முப்பத்தொன்பது கிலோ. நன்றாகத்தான் சாப்பிடுவேன், உடம்பில் ஒட்டாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்... ஒருத்தரும் நம்பினதில்லை.

பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வந்தால் போதும், வாசலில் நிற்கிற அக்காக்கள் விடமாட்டார்கள். "இன்னா ஸ்டெல்லா, இவ்ளோ வீக்கா கீற?" என்பார்கள். தினமும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் நான். ஆனாலும் நம் ஊரில் ஒல்லி என்றாலே வீக்தான். கொஞ்சம் படித்தவர்கள் "அண்டர்வெயிட்டா?" என்று கேட்பார்கள். என்ன நோய் என்று மரியாதையாகக் கேட்கிறார்களாம்.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். காலையிலிருந்து சாயந்திரம் வரை கையில் ஓடுகிற பேண்ட்டில் எல்லாம் 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' என்று லேபிள். அந்த வார்த்தைக்காகவே வெளிநாட்டில் வாங்குவார்களாம். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

என் பயோடேட்டாவை எழுதினது சித்தி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், இங்கிலீஷ் என்றால் எங்கள் வீட்டில் அவள்தான். உடல்வாகு என்ற இடத்தில் முதலில் 'தின்' என்று எழுதினாள். உடனே அடித்துவிட்டு 'ஸ்லிம்' என்று போட்டாள்.

"தின்னுன்னா சோத்துக்கு இல்லாத ஊடுன்னு நெனப்பாங்கக்கா. ஸ்லிம்னா வசதியான ஊட்டுப் பொண்ணு."

அம்மாவும் தலையாட்டினாள்.

மாப்பிள்ளை வீடு காட்டுப்பாக்கம். அவருக்குப் பாடியில் ஒரு ஃபேக்டரியில் டர்னர் வேலை. ஜெபம் சொல்லி, டீ குடித்து முடித்ததும் அவருடைய அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"வளையல் இன்னா சைஸும்மா?"

"டூ டூ."

"என் பேத்திக்கே டூ டூதான். அஞ்சாவது படிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எஸ்டேட்ல எந்த ஸ்டாப்புல எறங்குவீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாளில் சொல்லி அனுப்பினார்கள். டிபி கிபி எதுவும் இல்லை என்று எக்ஸ்ரே எடுத்து, டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கித் தரவேண்டுமாம். பூந்தமல்லியில் போய் எடுத்தோம். எல்லாம் கிளியர். ஆனால் டாக்டர் கடைசி வரியில் 'தின் பில்ட்' என்று எழுதிவிட்டார். சித்தி விடுவாளா... அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள்.

"டாக்டர், இத மட்டும் ஸ்லிம்னு மாத்திக் குடுங்க."

"நான் என்னம்மா, விளம்பரமா எழுதறேன்?"

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். கடைசியில் அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு, அந்த வரியை அடித்துவிட்டு 'ஹெல்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து, இந்த இடத்தைச் சொன்ன கோயில் உபதேசியார் பதில் கொண்டுவந்தார். "பொண்ணு தங்கமான பொண்ணுன்றாங்க. ஆனா வீக்கா கீதாம். நாளைக்கு கொழந்த பெத்துக்கணும் இல்ல..."

அவ்வளவுதான். ஒரு சர்ட்டிபிகேட், ஒரு எக்ஸ்ரே, எதற்கும் மதிப்பில்லை. அந்த வருஷம் முழுக்க, பாடிப் பக்கம் போகிற பஸ் எதிரில் வந்தால் ஜன்னல் ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், குறை ஒன்றும் இல்லை. வீக்கான பெண் பெற்ற குழந்தை மூன்றேகால் கிலோ! ஜெனி என்று பெயர் வைத்தோம்.

இப்போது நான் எழுபத்திரண்டு கிலோ. அதே கோயில் வாசலில் அதே அக்காக்கள், "வாக்கிங் போயேன் ஸ்டெல்லா, கொஞ்சம் ஸ்லிம் ஆவலாம்ல?" என்கிறார்கள். இவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் புரியவே இல்லை. அந்தக் காலத்தில் முட்டையும் நேந்திரம்பழமும் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

சரி, இவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஜெனிக்குப் பதினெட்டு வயது. கொஞ்சம் பூசின உடம்பு. போன மாசம் காலேஜ் விழாவுக்குப் புது சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எப்டிம்மா கீது?"

மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னேன். "நல்லாதான் கீது. இன்னும் கொஞ்சம் ஸ்லிம்மானா சூப்பரா இருப்ப."

அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் அம்மா பாவாடையைத்தான் கூட்டினாள், என்னைக் குறை சொன்னதெல்லாம் அக்கம்பக்கத்தாரும் அந்நியரும். இவளைச் சொன்னது நான், பெற்ற அம்மா.

அன்றிலிருந்து ராத்திரி தட்டு வைத்தால் "பசிக்கலம்மா" என்கிறாள். பசிக்கிறது என்று எனக்குத் தெரியும்.