கேட்டுப் படித்தவள்

போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து, "இது கிள்ளை பஸ்ஸாம்மா?" என்றாள். பஸ்ஸின் நெற்றியில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர் போட்டிருந்தது. ஆமாம் என்றேன். ஏறிப் போய்விட்டாள். வாசனை மட்டும் என்னோடு நின்றது.

அந்த வாசனைக்கும் எனக்கும் பழைய சம்பந்தம். கிள்ளைப் பக்கம் நான் முதலில் டீச்சராகப் போன நடுநிலைப் பள்ளியின் ஜன்னலுக்கு வெளியேதான் மீன் காயும். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் ஒரே ஹால், ஒரே டீச்சர். தலைமையாசிரியர் கடலூருக்கு மீட்டிங் போனால் சின்ன வகுப்புகளும் என் தலையில். எட்டாம் வகுப்புக்குச் செய்யுள் சொன்னால் ஆறாம் வகுப்பு வாய் பிளந்து கேட்கும். ஆறுக்குக் கணக்குப் போட்டால் எட்டு தூங்கும். கடல்காற்றில் நானும் சில மதியங்களில் கண்ணயர்ந்திருக்கிறேன், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

அந்த ஹாலில்தான் அஞ்சலை இருந்தாள். எந்தப் பாடத்தைக் கேட்டாலும் கடகடவென்று சொல்வாள். அவள் எட்டாவதில் இருந்தபோது இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அவளைத்தான் எழுப்பினேன். முதல் பாடத்தைப் படிக்கச் சொன்னார் அதிகாரி. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திக்காமல் படித்தாள். எனக்கு நல்ல குறிப்பு எழுதிவிட்டுப் போனார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், ஐந்தாம் பாடம் திறந்திருந்தது.

"படிக்கத் தெரியாதா அஞ்சல?"

"கேட்டா வந்துடும் டீச்சர். பாத்தாதான் வர மாட்டேங்குது."

மூன்று வருஷமாக அவளைக் கெட்டிக்காரி என்று மெச்சியவள் நான்தான். அடுத்த வருஷம் சிதம்பரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் அவள் என்ன செய்வாள்? மறுநாள் சாயங்காலமே 'அ'னாவில் ஆரம்பித்தோம். ஒரு மாசத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இது நானா டீச்சர்?" என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

அந்த வாரமே, நான் கெஞ்சிக் கேட்டிருந்த டிரான்ஸ்ஃபர் வந்தது. நல்ல குறிப்பு வேலை செய்திருக்க வேண்டும்.

"மீதி எழுத்து டீச்சர்?"

"புது டீச்சர் சொல்லித் தருவாங்க."

புது டீச்சர் யாரும் வரவில்லையாம். ஒன்பதாம் வகுப்பில் அஞ்சலை பத்து நாள்தான் தாங்கினாளாம்.

இப்போது அவளுக்கு அந்தக் கருவாட்டுக்காரப் பெண்ணின் வயசுதான் இருக்கும். முகத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று மனசு கேட்காமல் அந்த ஊருக்குப் போனேன். பிள்ளைகள் இல்லையென்று பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். மீன் வழக்கம்போல் காய்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று வகுப்பும் சேர்ந்து கத்தும் அந்த இரைச்சல் இல்லை. அஞ்சலை படித்த பள்ளிக்கூடம் அந்த இரைச்சல்தான்.